லேஸ் வீடுகளைப் பார்க்கப் போன நாள்

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாக மார்த்தாண்டம் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்த ஷெர்லி டீச்சர் சொன்னது. நான் அவளுக்கு உறவுமில்லை, ஊர்க்காரியுமில்லை. அதனால்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மிஷன் கட்டிய ஓட்டு வீடுகளின் மேல் காலை வெயில் மெல்ல...”

வேண்டாம். வெயிலுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

2.

ஆனால் வீடுகளைச் சொல்லியாக வேண்டும். லேஸ் பின்னும் பெண்களுக்காக நூறாண்டுக்கு முன் கிறிஸ்தவ மிஷன் தக்கலைப் பக்கம் கட்டியவை. வரிசையில் எல்லா வீட்டின் பின்கதவும் ஒரே நீளமான பட்டறைக்குள் திறக்கும். பட்டறையில் வேலைசெய்ய வீட்டிலிருந்து ஓர் ஆள் வரவேண்டும். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அங்கே பின்னிக்கொண்டிருந்த ஷெர்லியின் அம்மா இறந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவள் மூத்தவள் ஜாஸ்மி. அதனால் தலைக்குமேல் கூரை இருந்தது. இளையவள் ஷெர்லி படித்து, நாகர்கோவிலில் டீச்சரானாள்.

(ஷெர்லியை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை, அப்பா தாலுகா ஆபீஸில் இருந்தவர் என்று தான் வேலைபார்க்கும் பள்ளியில் எதற்காகச் சொன்னாள்? “ஒருநா வாயில வந்துட்டு. பொறவு மாத்த முடியல்ல” என்றாள். அதற்குமேல் ஒரு நல்ல காரணத்தை நானாக இட்டுக்கட்டித் தரமாட்டேன்.)

3.

போன மாதம் தலைமையாசிரியை அந்தப் பழைய வீடுகளைக் காட்டப் பிள்ளைகளை வேனில் அழைத்துப்போனார். காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தாள் ஷெர்லி; எடுபடவில்லை. பட்டறையில் ஜாஸ்மி பின்னிக்கொண்டிருக்க, பெபிஷா என்ற மாணவி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“மிஸ், இவங்க உங்கள மாதிரியே இருக்காங்க. தெரிஞ்சவங்களா?”

“இல்ல” என்றாள் ஷெர்லி.

ஜாஸ்மியின் கைகள் நடு... [‘நடுங்கின’ என்று எழுதப் போனேன். ஷெர்லி அப்படிச் சொல்லவில்லை. கைகள் பின்னிக்கொண்டேதான் இருந்தனவாம்.]

பிறகு வீட்டின் உள்ளே பார்க்கலாமா என்று தலைமையாசிரியை கேட்டார். பக்கத்தில் இருந்தது ஜாஸ்மியின் வீடு. பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே, நேர்ச்சுவரில், ஷெர்லியின் கல்யாணப் படம். பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

ஜாஸ்மி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“உள்ள சொகமில்லாத ஆளு கெடக்கு மக்களே. அடுத்த வீட்டப் பாருங்க.”

அந்த வீட்டில் ஜாஸ்மியைத் தவிர யாரும் கிடையாது.

கிளம்பும்போது எல்லோரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தார்கள். அக்காவையும் தங்கையையும் அருகருகே நிறுத்திவிட்டார்கள். ஜாஸ்மி உதடு அசையாமல் சொன்னாள்:

“சிரிட்டி. மொகம் காட்டிக் குடுத்துரும்.”

ஷெர்லி சிரித்தாள். அந்தப் படத்தைப் பள்ளி வாசலில் மாட்டியிருக்கிறார்கள். தினமும் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கடந்து வகுப்புக்குப் போகிறாள்.

4.

முடிவு ஒன்று: வேனிலிருந்து இறங்கி ஓடி, எல்லோர் முன்னாலும் அக்காவைக் கட்டிப்பிடித்து... இதைக் கோடுபோட்டு அடித்துவிட்டேன். நடக்காதது.

முடிவு இரண்டு: ஜாஸ்மி மன்னிக்கிறாள். அவள் சார்பில் மன்னிக்க நான் யார்?

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அக்காவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள் ஷெர்லி. தக்கலை வந்ததும் எழுந்தவள், “பொய் சொன்னது நான். அத மறைச்சுக் குடுத்தது அவ. அதுதான் தாங்க முடியல்ல” என்று சொல்லி இறங்கினாள். பேருந்து மார்த்தாண்டத்துக்குக் கிளம்பியது. அவள் எந்தப் பக்கமும் போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

தங்கையைக் கண்டதும் ஜாஸ்மி என்ன சொல்லியிருப்பாள் என்று பலவிதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே ஷெர்லிக்கு ஆறுதலாகவே வந்தன. ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் எழுதுங்கள். ஆனால், ஜாஸ்மியாக இருந்து எழுதுங்கள்.