பேஷன்ட் அக்காவுக்குச் சொன்ன சேதி

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடி அக்காவுக்கு பேஷன்ட் அக்கா என்று பெயர். வைத்தது நான் இல்லை; பரப்பியதில் பங்கு உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் படிக்கும் டாக்டர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க ஒரு வகுப்பு இருக்கிறது. வயிற்றைத் திறந்து தைக்கத் தெரிந்தவர்களுக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லையாம். அந்த வகுப்பில் நோயாளியாகவும் நோயாளியின் உறவாகவும் நடிக்க அக்கா போவாள். பெரும்பாலும் புருஷனைப் பறிகொடுத்தவள் வேஷம்தான். அவள் புருஷன், லிப்ட் மெக்கானிக் அண்ணன், “இந்த வாரம் என்னை எத்தனை தடவை கொன்னே?” என்று படிக்கட்டிலேயே கேட்பார்.

அவர்களுக்கு மேல் மாடியில் சின்ன டாக்டர், அந்த வகுப்பில் படிக்கிற பையன். கை தங்கம், வாய்தான் தகரம். பேச்சுத் தேர்வில் ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று. மறுபடியும் விட்டால் பயிற்சியிலிருந்தே அனுப்பிவிடுவார்களாம். அதனால் சாயங்காலங்களில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை. கதவு திறந்தேதான் இருக்கும். சர்க்கரை கேட்கப் போனவள் காதைப் பொத்திக்கொண்டா நிற்க முடியும்?

“நாற்காலிய இழுத்துப் போட்டு உட்காரு. நின்னுட்டே சொன்னா பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கு.”

உட்கார்ந்தான். “அக்கா, உங்க வீட்டுக்காரர்...”

“அக்கா எல்லாம் வீட்டோட. அங்க நீ டாக்டர். அம்மான்னு சொல்லு.”

“அம்மா, வருத்தமான சேதி. எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம். உங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்.”

“இப்ப வாய மூடு. நான் அழுது முடிக்கிற வரைக்கும் திறக்காதே.”

அழுவாள். நிஜக் கண்ணீரே வரும். செத்துப்போனவர் உள்ளேயிருந்து, “டீ ஆறுதுடி” என்று குரல் கொடுப்பார்.

தேர்வுக்கு முந்தைய வாரம் அண்ணனுக்கு வயிற்றுவலி. குடல் அடைப்பு, உடனே ஆபரேஷன் என்றார்கள். செய்வது பெரிய டாக்டர். கூட நிற்பது நம் பிள்ளை. துணைக்கு நான் போனேன். கூப்பிடாமலே போனேன் என்பது வேறு விஷயம். தள்ளிக்கொண்டு போகும்போது அண்ணன் சின்ன டாக்டரின் கையைப் பிடித்து, “வெளிய வந்து அவகிட்ட அம்மான்னு ஆரம்பிச்சிடாதே தம்பி” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

பெரிய டாக்டருக்காக அடுத்த அறையில் இன்னொரு வயிறு காத்திருந்தது போல. வெளியே வந்தவன் இவன் மட்டும்தான். உறவினரிடம் பேசுவதற்கென்று இருந்த சின்ன அறைக்குள் எங்களை அழைத்துப் போனான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“அம்மா” என்றான். “வருத்தமான சேதி. ஆபரேஷன் நடுவுல இதயம் நின்னுடுச்சு. எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம். உங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்.”

வாயை மூடிக்கொண்டான். ஓர் எழுத்து பிசகவில்லை. பார்வையைக்கூடத் தாழ்த்தவில்லை.

அக்கா சிரித்தாள்.

“பரவாயில்லியே, குரல் நடுங்கவே இல்ல. அவர்தானே சொல்லி அனுப்பினார்? கண்ண முழிச்சதுமே குறும்பு. போய் எப்ப பார்க்கலாம்னு கேட்டுட்டு வா.”

“அம்மா, உங்க வீட்டுக்காரர்...”

“போதும்ப்பா. நீ பாஸ்தான்.”

நானும் சிரிப்பேன் என்று என் பக்கம் திரும்பினாள். ஊர்ச் சேதியை எல்லாம் முந்திக்கொண்டு சொல்கிற வாய் என்னுடையது. அது ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை.

அவள் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அதையெல்லாம் அவளிடமே சொல்லித் தீர்த்துவிட்டான். எழுந்தான். எங்கே போவதென்று தெரியாதவன் மாதிரி நின்றான். பிறகு தலையிலிருந்த பச்சைத் தொப்பியைக் கழற்றிவிட்டு, நாற்காலியை விட்டுத் தரையில், அவள் காலருகே உட்கார்ந்தான்.

“அக்கா” என்றான். அதற்கு மேல் வரவில்லை.

அவள் சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“அம்மான்னு சொல்லு” என்றாள்.

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

“டேய், சொன்னா கேளு. முதல்லேருந்து வா. நாற்காலில உட்காரு. அம்மான்னு சொல்லுடா.”

“அக்கா...”