பழைய இழை எது?

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் கதை எழுதுகிறவள் இல்லை. மற்றவர்கள் எழுதியதைத் தட்டச்சு செய்கிறவள். பாடப்புத்தகம் போடும் ஓர் அலுவலகத்தில் ஜன்னலோர மேசை என்னுடையது. எதிர் மேசை என் தங்கையுடையது, புரூஃப் பார்ப்பவள். எட்டு மாதமாக அது காலி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எட்டு மாதமாக அவள் என்னோடு "ஆமா", "இல்ல", "சாவி ஆணியில இருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைப் பேச வைக்கத்தான் இந்தக் கதை.

அவள் கதை என்பதால் அவள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் 'அக்கா' என்ற பெயரில் ஓரமாக வந்துபோவேன். ரொம்ப நல்லவளாக.

2.

தொடக்கம், முதல் முயற்சி:

"ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ.வை முழுக்க ஒருமுறை படியெடுத்துக்கொள்கிறது. முறுக்கிக் கிடந்த இரண்டு இழைகளும் விலக, ஒவ்வொரு பழைய இழைக்கும் எதிரே ஒரு புதிய இழை..."

வேண்டாம். நீங்கள் கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது.

இரண்டாம் முயற்சி:

"தங்கை செய்த தவறால்..."

இதுவும் வேண்டாம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

3.

மூன்றாவது முயற்சி. இதை விடுவதாக இல்லை.

அலுவலகத்தில் தங்கைக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு கமா தள்ளி உட்கார்ந்திருந்தாலும் "ச்சு" என்று நாக்கைத் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டாலே அறையில் எல்லோரும் அவரவர் தாளைப் புரட்டிப் பார்ப்பார்கள். அக்காவுக்கு மெஷின் என்று பெயர். பதினோரு வருடத்தில் ஒரு பிழைகூட அடித்ததில்லை.*

(* இது மேலாளர் சொல்வது. நான் மறுத்ததில்லை.)

ஒத்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு முறை உண்டு. ஒருத்தி கையெழுத்து மூலத்தைச் சத்தமாகப் படிப்பாள். மற்றவள் அடித்த தாளில் அடிக்கோல் வைத்து வரி வரியாக இறங்குவாள். மூலத்தில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். மூலத்தில் கை வைக்கக் கூடாது. அந்த அறையின் ஒரே சட்டம் அது.

அன்று உயிரியல் பாடம். எழுதிய பேராசிரியர் எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுகிறவர். திடீர் திடீரென்று போன் செய்து "அதை மாத்திடுங்கம்மா" என்பவர். அக்காவுக்குத் தலைவலி (இது சத்தியம்), சீக்கிரமே கிளம்பிவிட்டாள். தங்கை தனியாக ஒத்துப் பார்த்தாள்.

மூலத்தில்: அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசின்.

அடித்த தாளில்: அடினைனுக்கு எதிரே சைட்டோசின், குவானைனுக்கு எதிரே தைமின்.

தங்கைக்கு நாக்கு மேலே எழுந்தது. "ச்சு" வரவில்லை. "அக்கா தப்பா அடிக்க மாட்டாளே" என்று வாய்விட்டே சொன்னாள். பேராசிரியர் போனில் மாற்றச் சொல்லியிருப்பார், அக்கா மூலத்தில் குறிக்க மறந்திருப்பாள், மேலாளர் பார்த்தால் அக்காவைக் கடித்துக் குதறிவிடுவார். பாவம், தலைவலி வேறு. ரப்பரை எடுத்தாள். மூலத்தை அழித்தாள். அக்கா அடித்தபடியே தன் குண்டு குண்டு எழுத்தில் எழுதி வைத்தாள்.

4.

இங்கே பாடத்தைக் கொஞ்சம் நுழைத்துக்கொள்கிறேன். தப்பிக்கலாம் என்று பார்த்தீர்களா?

செல்லும் புரூஃப் பார்க்கிறது. படியெடுக்கும் நொதி, அடினைன், தைமின் என்ற அந்த நான்கு எழுத்துகளில் தப்பான ஒன்றைக் கோத்துவிட்டால் ஓரடி பின்னால் வந்து அதைக் கழற்றிப் போடும். அதையும் மீறித் தப்பியதைப் பிடிக்க வேறு ஆட்கள் உண்டு. ஆனால் எதிரெதிரே இரண்டு எழுத்து பொருந்தவில்லை என்றால் எதை மாற்றுவது? புதிய இழையில் இன்னும் ஒட்டாத வெட்டுகள் கொஞ்ச நேரம் இருக்கும். அதை வைத்துப் புதியது எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் திருத்துவார்கள். பழையதைத் தொட மாட்டார்கள். தொட்டால் பிழையே மூலமாகிவிடும், பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

இவ்வளவும் அதே பாடத்தில், அடுத்த பக்கத்தில் இருந்தது. நான்தான் அடித்தேன். பிழையே இல்லாமல்.

5.

புத்தகம் பள்ளிகளுக்குப் போனது. ஜோடி மாறியிருக்கிறது என்று ஆசிரியர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. மேலாளர் மூலத்தை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். அழித்த தடம், குண்டு எழுத்து.

"மூலத்துல கை வச்சது யாரு?"

"நான்தான் சார்."

"நீ மாத்தினதைப் பாத்துதானே உங்க அக்கா அடிச்சிருக்கா. பாவம், மெஷின் என்ன பண்ணும்?"

தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது, பேராசிரியரிடமிருந்து போனும் வரவில்லை ஒன்றும் வரவில்லை என்று. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

[அக்கா அப்போது அறையில் இல்லை.]

[அக்காவுக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது.]

[அக்கா தண்ணீர் குடித்தாள்.]

மூன்றையும் அடித்துப் பார்த்தேன். நடந்தது மூன்றாவதுதான். ஒரு டம்ளர் முழுக்க, மெதுவாக. டம்ளரைக் கீழே வைப்பதற்குள் தங்கையைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். திரும்பி வந்த ஒவ்வொரு புத்தகத்திலும் திருத்தச் சீட்டு ஒட்டுவது அவள் வேலை.*

(* அந்தச் சீட்டை அடித்தது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.)

6.

முடிவுகள்:

அ) உண்மை மேலாளருக்குத் தானாகவே தெரிந்துவிடுகிறது. (எப்படி? கனவிலா?)

ஆ) தங்கை தானாகவே மன்னித்துவிடுகிறாள். (என் தைரியத்தைப் பாருங்கள்.)

இ) அக்கா ஒருநாள்...

'அக்கா' போதும். தப்பாக அடித்தவள் நான். அவள் திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் குடித்தவள் நான். வெட்கமாக இருக்கிறது. எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் இருந்தது.

இன்று காலை நடந்ததையெல்லாம் எழுதி மேலாளரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். இரண்டு தடவை படித்தார். "மெஷினா?" என்றார். பிறகு, "போங்க, நாளைக்குக் கூப்பிடுறேன்." வேலை இருக்குமோ போகுமோ தெரியாது. இந்த முடிவுக்கு மட்டும் மாற்று கிடையாது.

7.

மிச்சம் தங்கைதான். நாளைக்கு இந்தத் தாள்களைக் கிடங்குக்குக் கொண்டுபோய், பசை டப்பாவை ஒதுக்கிவிட்டு, அவள் முன்னால் வைப்பேன். பக்கத்தில் ஒரு பென்சில், ஒரு ரப்பர்.

வேண்டுமென்றே ஒரு பிழை விட்டிருக்கிறேன். அன்று எனக்குத் தலைவலியே இல்லை. தள்ளுபடியில் செருப்பு வாங்க ஓடினேன். அவசரத்தில் அளவு சிறியதாக வாங்கிவிட, அன்று ராத்திரியே அது அவளுக்குப் போயிற்று. இன்றும் அவள் காலில்தான் இருக்கிறது. மூன்றாம் பகுதிக்கு வந்ததும் அவளால் சும்மா இருக்க முடியாது. அவளைத் தெரியாதா எனக்கு!

ஒத்துப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். என்னிடம் இருப்பது அடித்த தாள் மட்டும். மூலம் அவளிடம்தான் இருக்கிறது. அவள் சொல்லட்டும், நான் அடிக்கோல் வைத்து வரி வரியாக இறங்குகிறேன். முதலில் ஒரு "ச்சு" கேட்டால் போதும் எனக்கு.

கேட்குமா? அதை நான் அடிக்க மாட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு அவள் பார்ப்பாள்.