அகழியில் மாமா விழுந்த நாள்

கனிமொழிக்கு அந்தப் பயணத்தில் இஷ்டமே இல்லை. மாமனார் பக்கிரியின் மனசு நோகக் கூடாது என்றுதான் ஞாயிற்றுக்கிழமை காலையில் விருத்தாசலத்தில் பஸ் ஏறினாள். பீங்கான் கம்பெனியில் அச்சுக்குள் களிமண் கூழ் ஊற்றிப் பொம்மை வார்க்கிற வேலை அவளுக்கு. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளை போவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே சுரண்டிக்கொண்டு வந்தாள்.

அவள் புருஷன் மணி காய்ச்சலில் போய் நாலு வருஷம் ஆகிறது. மாமியார் அதற்கும் முன்பே போய்விட்டார். வீட்டில் மிச்சம் மாமனாரும் மருமகளும்தான். மகனைப் பறிகொடுத்த அந்த மனிதரே இப்போது மருமகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார். வளவன் என்று பெயர். வெள்ளாற்றுப் பக்கம் செம்மேட்டுக் கோட்டைக்குக் காவலாள். மனைவியைப் பிரசவத்தில் இழந்தவன்.

"ஊரக் கூட்டிப் பொண்ணு பாக்குறதெல்லாம் வேணாம்மா. சும்மா கோட்டையப் பாக்குற மாதிரி போவோம். புடிக்கலன்னா திரும்பி வந்துடுவோம்" என்று சொல்லியிருந்தார் பக்கிரி.

கருவேப்பிலங்குறிச்சியில் இறங்கி ஆட்டோவில் போனார்கள். பெரிய வாசலும் பீரங்கியும் இருக்குமென்று அவள் நினைத்திருந்தாள். இருந்ததோ இரண்டு பக்கச் செங்கல் மதில், அரசமரம் பிளந்துபோட்ட கொத்தளம் ஒன்று. ஆனால் மதிலைச் சுற்றி அகழி முழுக்கத் தண்ணீர்; அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் கோரையும் அல்லியும். நீலத் தாழைக்கோழிகள் இலைமேல் கால் மாற்றி மாற்றி நடந்தன. தை மாத வெயில் அவற்றின் முதுகில் மினுங்கியது.

வளவன் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றிருந்தான். பதற்றத்தில், கோட்டை பார்க்க வருகிறவர்களிடம் ஒப்பிப்பதையே அவளிடமும் ஒப்பிக்க ஆரம்பித்தான்.

"பாளையக்காரர் கட்டினதுங்க இது. ஆத்துல போற படகுக்குச் சுங்கம் வாங்கறதுக்கு. அப்புறம் நவாப்பு ஆளுங்க புடிச்சாங்க. பிரெஞ்சுக்காரங்க, இங்கிலீஷ்காரங்க..."

"கடைசியா யாரு செயிச்சது?" கேட்க நினைக்கவில்லை; வாய் கேட்டுவிட்டது.

"யாருமில்லீங்க. ஒரு வெள்ளத்துல ஆறே தள்ளிப் போயிடுச்சாம். ஆறில்லாத எடத்துல சுங்கமேதுன்னு எல்லாரும் கெளம்பிட்டாங்க. பழைய ஆத்துப் பள்ளம்தான் இந்தச் சதுப்பு. இப்ப இதுங்கதான் புடிச்சி வெச்சிருக்குதுங்க" என்று பறவைகளைக் காட்டினான். உடனே குரலைத் தாழ்த்தினான். "இந்தப் பக்கம் மெதுவா வாங்க. கோரைக்குள்ள முட்டை இருக்குது."

அவளும் கொலுசு குலுங்காமல் நடந்தாள்.

இருவரும் பேசட்டுமென்று பக்கிரி கரையோரமாக ஒதுங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் தொபுக்கென்று சத்தம். தாழைக்கோழிகள் அலறிச் சிதறின. பக்கிரி அகழிக்குள் தொடை வரைக்கும் சேற்றில் நின்றார்.

"மாமா!"

கனிமொழி யோசிக்கவே இல்லை. புடவையோடு தண்ணீரில் இறங்கி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வளவன் பலகையொன்றை இழுத்து வந்து போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து அவர் தோளைக் கட்டிக்கொண்டான். இருவரும் மூச்சு வாங்க இழுத்த இழுப்பில் சேறு அவரை விட்டது. செருப்பை மட்டும் வைத்துக்கொண்டது.

கரையில் அவரை உட்கார வைத்துவிட்டு, வளவன் குடத்துத் தண்ணீர் ஊற்றி அவர் காலைக் கழுவினான். விரலிடுக்கில் அப்பியிருந்த சேற்றைக்கூட நிதானமாக எடுத்தான். இஸ்திரிச் சட்டை சேறாகிக் கிடந்ததை அவன் கவனிக்கவே இல்லை. கனிமொழி கவனித்தாள்.

"நீங்க பேசணும்னுதான் ஒதுங்குனேன். பேசினீங்களா?" என்றார் பக்கிரி, குளிரில் பல் தந்தியடிக்க.

கனிமொழிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடங்கியதும் வளவனைப் பார்த்துச் சொன்னாள்: "மாமாவ வுட்டுட்டு எங்கயும் வர மாட்டேங்க நான்."

"வுட்டுட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு மனசு வராதுங்க. உங்க வூட்டுலயே இருந்துக்கறேன். காலைல மொத பஸ்ஸு புடிச்சா இங்க வேலைக்கு வந்துடலாம்."

பக்கிரி முகத்தைச் சதுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். பறந்துபோன கோழிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து இறங்கிக்கொண்டிருந்தன. "மணிக்கு இந்த மாதிரி எடம்னா உசுரு" என்றார். மகன் பெயரை அவர் வாயால் கேட்டு வெகுநாளாயிற்று. கனிமொழி ஈரக் கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது வளவன் தன் செருப்பை அவருக்கு மாட்டிவிட்டு வெறுங்காலோடு ஆட்டோ வரைக்கும் வந்தான்.

"செருப்ப நான் குடுத்தனுப்ப மாட்டேன். ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்து வாங்கிக்குங்க" என்றாள் கனிமொழி.

சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்து நின்றான் வளவன். பக்கிரி டீ போட உள்ளே போனார். அந்தச் செருப்பு அப்போதும் அவர் காலில்தான் இருந்தது.