மச்சினன் ஷிஃப்ட்டின் கழிவுநீர்

சாயத் தொழிற்சாலையின் கடைக்கோடியில், மதிலை ஒட்டிக் கழிவுநீர்ப் பிரிவு இருந்தது. அங்கே யாரும் விரும்பி வந்ததில்லை, வேண்டாதவர்களைத்தான் அனுப்புவார்கள். ஆபரேட்டர் அங்கே போய்ச் சேரக் காரணம் அவர் மனைவியின் தம்பி.

அந்தத் தம்பி ஷிஃப்ட் சூப்பர்வைசர். எதற்கெடுத்தாலும் 'சீக்கிரம், சீக்கிரம்' என்பதால் முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவன் 'சீக்கிரம் சார்'. "நம்ம வீட்டுப் பையன் சார், நான் பொறுப்பு" என்று மேனேஜரிடம் கூட்டிப்போய் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே ஆபரேட்டர்தான். டிப்ளமா படித்தவன், சில வருடங்களில் மாமாவுக்கே மேலதிகாரி ஆகிவிட்டான். அதில் ஆபரேட்டருக்கு வருத்தமில்லை, சொல்லப்போனால் பெருமைதான். பாதி நாள் அவன் சாப்பிடுவதே அக்கா வீட்டில்.

ஒரு பிற்பகல், மேல்தளத்தில் நின்று, சாயம் தயாராகும் ரியாக்டருக்குள் ஆபரேட்டர் ஆசிட் விட்டுக்கொண்டிருந்தார். பொறுமையாக, சொட்டுச் சொட்டாக விடவேண்டிய ஆசிட். மச்சினன் மேலே ஏறி வந்தான்.

"இன்னும் கொஞ்சம் திறந்து விடுங்க மாமா. இந்த பேட்ச் என் ஷிஃப்ட்லயே முடியணும்."

"சூடு ஏறுது மாப்ளே."

"நான் பாத்துக்கிறேன். சீக்கிரம் திறங்க."

திறந்தார். அடுப்பில் வைத்து மறந்த பால் மாதிரி நுரை பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு புகை கிளம்பியது. மச்சினன் படியிறங்கி ஓடினான். ஆபரேட்டர் ஆசிட்டை அடைத்து, குளிர்நீரை முழுதாகத் திறந்துவிட்டுத்தான் இறங்கினார். அதற்குள் நெஞ்சு நிறையப் புகை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு ஒரு மாடி ஏறினாலே இருமல் பிடித்துக்கொண்டது.

விசாரணையில் மேனேஜர் முன்னால் மச்சினன் சொன்னான்: "நான் திறக்கச் சொல்லலை சார். மாமாதான் அவரா திறந்துட்டார். பாவம், அவருக்கும் வயசாச்சு."

பொய்யைக்கூட ஆபரேட்டர் விழுங்கியிருப்பார். அந்தப் 'பாவம்' முள்ளாகத் தொண்டையில் நின்றுவிட்டது.

ஆபரேட்டரைக் கழிவுநீர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். புது இடத்தில் படியேறும் வேலை இல்லை. ஒவ்வொரு ஷிஃப்ட்டும் பேட்ச் முடிந்ததும் தன் தொட்டியில் சேர்ந்த கழிவுநீரை இங்கே தள்ளும். ஆசிட்டை முறித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று சுவரிலேயே விதியை எழுதியிருந்தார்கள். யாரும் முறிப்பதில்லை, நேரம் தின்னும் வேலை. இங்கே இருப்பவர் கூடுதலாகச் சுண்ணாம்பைக் கொட்டிச் சமாளித்துக்கொள்வார். காலகாலமாக அப்படித்தான். முதல் நாள் அந்தச் சுவரைப் படித்ததும் ஆபரேட்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

மற்ற ஷிஃப்ட்டுகள் போன் செய்தால், "அனுப்புப்பா, அனுப்பு" என்பார். மச்சினன் ஷிஃப்ட் என்றால் மட்டும் மாதிரி கொண்டுவரச் சொல்லி ஆசிட் அளக்கும் மீட்டரை முக்கிப் பார்ப்பார். "ஆசிட் ஜாஸ்தி. முறிச்சு அனுப்புங்க." முறித்து அனுப்பினால் மறுபடி முக்குவார். "இன்னும் கொஞ்சம்."

மச்சினனின் தொட்டி நிரம்பியது. தொட்டி நிரம்பினால் ரியாக்டரைக் காலி செய்ய முடியாது. காலி செய்யாமல் அடுத்த பேட்ச் போட முடியாது. காலைக் கூட்டத்தில் மேனேஜர் அவனை வறுத்தெடுத்தார். அவன் மாமாவைப் பற்றிப் புகார் சொன்னான். மேனேஜர் வந்து கேட்டபோது ஆபரேட்டர் சுவரைக் காட்டினார். மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். "சீக்கிரம் சார் ஷிஃப்ட்டுக்கு மலச்சிக்கலாம்டா" என்று கேண்டீனில் யாரோ சொல்ல, கேண்டீனே குலுங்கியது. ஆபரேட்டர் டீயை மெதுவாக, ருசித்துக் குடித்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள்.

"தம்பி வந்து அழுதுட்டுப் போறான். அவன் பண்ணினது தப்புதான், நான் இல்லைன்னு சொல்லலை. அதுக்காக என்னை நடுவுல நிக்க வச்சு ரெண்டு பேரும் இடிக்கிறீங்களே."

"நான் யாரை இடிச்சேன்? சட்டப்படி வேலை பாக்கிறேன்."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்க வாயில சட்டம்னு ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை."

அவர் கை கழுவ எழுந்தார்.

மறுநாள் மச்சினனே நேரில் வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மாமா, கால்ல விழணுமா? சொல்லுங்க, விழறேன்."

"கால் எதுக்கு? மேனேஜர் முன்னால போய், 'நான்தான் திறக்கச் சொன்னேன்'னு சொல்லு. அடுத்த நிமிஷம் உன் தண்ணிய வாங்கிக்கிறேன்."

"சொன்னா வேலை போயிடும் மாமா."

"என் மூச்சே போச்சுடா."

மச்சினன் தன் தொட்டிப் பக்கம் திரும்பி நடந்தான். இனி அவன் என்ன செய்வான் என்று ஆபரேட்டருக்குத் தெரியும். காத்திருக்கத் தெரியாதவனுக்குக் குறுக்குவழி ஒன்றுதான் மிச்சம்: மழைநீர்க் கால்வாய். மதிலுக்கு அடியில் புகுந்து, வெளியே தெருவோரமாக ஓடுகிற கால்வாய். அவன் தொட்டியிலிருந்து அதற்கு ஒரு பழைய வால்வு உண்டு. அதைத் தொடக்கூடாது என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

அந்த வாரமே நடந்தது. சாயங்காலம், பொழுது சாய்கிற நேரம். தன் பிரிவின் பம்ப் அறை ஜன்னல் வழியாக ஆபரேட்டர் பார்த்தார். மச்சினன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்து வால்வைத் திருகினான். துருப்பிடித்த வால்வு, உடனே அசையவில்லை. 'டேய்' என்று ஒரு குரல் போதும், விட்டுவிட்டு ஓடியிருப்பான். அந்த நேரம் பார்த்து ஆபரேட்டருக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார். கண்ணில் நீர் வழிய, மூச்சுத் திணற, சத்தம் வெளியே வராமல் பிடித்துவைத்தார். வால்வு திரும்பியது. குங்குமத்தைக் கரைத்த மாதிரி தண்ணீர் கால்வாயில் இறங்கி மதிலைத் தாண்டும்வரை காத்திருந்தார். பிறகு மேனேஜருக்குப் போன் செய்தார்.

இருட்டுவதற்குள் ஊரே மதிலுக்கு வெளியே கூடிவிட்டது. தெருக்கோடிச் சலவைக்காரி அந்தக் கால்வாய்த் தண்ணீரை மோட்டார் வைத்து இழுத்துத் துவைப்பவள். துவைக்க வாங்கிவந்த ஆஸ்பத்திரி விரிப்புகள் அத்தனையும் அவள் தொட்டியில் ரத்தச் சிவப்பாய்க் கிடந்தன. அவள் ஒரு விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டில் நின்று கத்தினாள். பிறகு கத்த முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜர் அறையில் மச்சினன் எதையும் மறுக்கவில்லை. "ஆமா சார், நான்தான் திறந்தேன்" என்றான். வாசலில் நின்ற மாமாவைத் திரும்பிப் பார்த்தான். "அன்னைக்கு ஆசிட் வால்வைத் திறக்கச் சொன்னதும் நான்தான்." இப்போது அதை அவனிடம் யாரும் விசாரிக்கவில்லை. மேனேஜர் அதைக் காதில் வாங்கினாரா என்பதுகூடத் தெரியவில்லை; அவருக்கு வெளியே நிற்கிற கூட்டம் பெரிய கவலை. ஆனால் ஆபரேட்டர் கேட்டார். வெயிலில் நடந்து வந்தவனுக்குத் தண்ணீர் இறங்குவதுபோல அந்த வார்த்தை அவருக்குள் இறங்கியது.

மச்சினனுக்கு அன்றைக்கே வேலை போயிற்று. வேறு ஊரில் பிழைப்புத் தேடிக் கிளம்பினான். அக்காவிடம் சொல்லிக்கொள்ள வந்தவன் வாசல் தாண்டி உள்ளே வரவில்லை. சலவைக்காரிக்கு ஆஸ்பத்திரி வேலை கைவிட்டுப் போனது.

தம்பி போன பிறகு மனைவி ஆபரேட்டருக்குச் சாப்பாடு போட்டாள். பசி அடங்காதவர்போல் தட்டைக் காலி செய்து மறுபடி வாங்கினார்.

"என் தம்பி உங்களுக்குத் துரோகம் பண்ணினான்" என்றாள் அவள். "சரி. அந்தச் சலவைக்காரி உங்களுக்கு என்ன பண்ணினா?"

பிசைந்த கை அப்படியே நின்றது. "அது... அவன்தானே திறந்தான்?"

"நீங்க எங்க இருந்தீங்க?"

ஜன்னல் ஓரத்தில் என்று அவர் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லவேண்டிய தேவை இருப்பதாகத் தெரியவில்லை. அவள் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு, ப்ளீச்சிங் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு சலவைக்காரி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

ஆபரேட்டர் தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டு முடித்தார்.