ஊட்டுக்கு ஒரு ஓட்டு

பானுமதிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். அதற்குள் நான்கு தேர்தல் வந்து போய்விட்டது. நான்கிலும் வரிசையில் நின்றது அவள், விரலில் மை வைத்துக்கொண்டது அவள். எந்தச் சின்னத்தை அமுக்குவது என்று சொன்னது மட்டும் அவள் புருஷன் முருகானந்தம். அவனோ ஆப்பிரிக்காவில் இருந்தான். மலையடிவாரத்துக்காரர் குணசேகரன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை டான்சானியாவில் ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றில் முருகானந்தம் டிரில்லர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மலைமேல் இருக்கும் சொந்த ஊரான வளப்பூர் நாட்டுக்கு வருவான், ஒன்றரை மாதம் இருப்பான், போய்விடுவான். அவனுக்கு ஓட்டு இல்லை, இவளுக்கு வாய் இல்லை. இரண்டு பேரையும் சேர்த்து ஒரு ஓட்டாக்கிக் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

“ஊட்டுக்கு இருக்கறதே ஒரு ஓட்டு. யோசிச்சுப் போடோணும்” என்பான். யோசிப்பதை அவனே பார்த்துக்கொள்வான்.

இந்தச் சட்டசபைத் தேர்தலில்தான் பானுமதி கெட்டுப்போனாள். யாரும் கெடுக்கவில்லை, தானாகவே கெட்டாள். போனில் வந்த இரண்டு பெரிய கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டாள். எழுதினவர்களே அப்படிப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம். களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கோழியை விரட்டிக்கொண்டே நான்கு நாள் படித்தாள்.

ஊஞ்சல் சின்னத்துக் கட்சி இருநூற்றுப் பத்து வாக்குறுதி கொடுத்திருந்தது. கூடைச் சின்னத்துக் கட்சி நூற்றெழுபது. பாதிப் பக்கங்கள் இரண்டிலும் ஒரே ஆள் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தன. மலை என்ற சொல் ஊஞ்சலில் நான்கு இடத்தில் வந்தது. மூன்று இடம் சுற்றுலாவுக்கு. கூடையில் வந்தது ஒரே இடம்தான். ஆனால் அந்த ஓர் இடத்தில், மலை விவசாயிகளின் மிளகையும் காபியையும் மலைமேலேயே வாங்கிக்கொள்ள அரசு கொள்முதல் நிலையம் வரும், கூடவே இயந்திரத்தில் உலர்த்தும் கூடம் வரும், இயந்திரம் தெரிந்த மலைக்காரர்களுக்கு அங்கே வேலை கிடைக்கும் என்று எழுதியிருந்தது.

அந்த வரியை அவள் ஏழெட்டு முறை படித்தாள். ஒன்றரை ஏக்கர் மிளகு இருந்தும் விலையை வாங்க வரும் லாரிக்காரர்தான் சொல்வார், இவர்கள் தலையாட்டுவார்கள். அதனால்தான் ஒரு ஆண்பிள்ளை கடல் தாண்டிப் போய் யாருடைய பூமியையோ துளைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கூடம் வந்தால் அவன் வந்துவிடலாம். பானுமதிக்கு வேண்டியது அவ்வளவுதான். புருஷன் ஊரோடு வந்துவிட வேண்டும். ஆனால் இதை அவனிடம் வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கெஞ்சிக் கூட்டிவந்தவன் ஒருநாள் அதையே சொல்லிக்காட்டுவான் என்று ஒரு பயம்.

“ஏனுங்க மாமா, இந்தத் தடவ கூடைக்குப் போடலாம்னு இருக்கறனுங்க” என்றாள் போனில்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அவன் நிறுத்தினான்.

“ஆரு சொல்லிக்குடுத்தது?”

“ஆரும் சொல்லலீங்க. படிச்சனுங்க.”

“நானுந்தான் படிச்சேன். ஊஞ்சல்ல நூத்தி நாப்பதாவது பாத்தயா? வெளிநாட்டுல வேல செய்யறவங்களுக்கு வாரியம், இன்சூரன்சு, ஆபத்துன்னாக் கூப்பட ஒரு ஆபீசு. செல்வத்த அதுக்குள்ள மறந்துட்டயா?”

செல்வம் அவனோடு ரிக் வண்டியில் இருந்தவன். போன வருஷம் குழாய் சரிந்து விழுந்து செத்துப்போனான். உடம்பு ஊர் வந்து சேரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. எந்த ஆபீசில் யாரைக் கேட்பது என்றுகூடத் தெரியாமல் கூட்டாளிகள் அலைந்தார்கள். முருகானந்தம் பேசியதில் நியாயம் இல்லாமலில்லை. பானுமதிக்கும் அது தெரியும். தெரிந்ததனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

“மறக்கலீங்க. ஆனா நம்ம மிளகு...”

“ஒண்ணர ஏக்கரு மிளகுக்கு ஒரு கெவர்மெண்டா?”

மூன்று நாள் இப்படியே போயிற்று. நாலாம் நாள் முருகானந்தம், “நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். பூக் கேட்டுப் பாத்தரலாம். சாமி சொல்லட்டும்” என்றான். சாமி தன் பக்கம்தான் இருக்கும் என்ற தைரியத்தில் பானுமதியும் சரி என்றாள்.

மனிதர்களால் முடிவுக்கு வர முடியாத காரியமென்றால் பூக் கேட்பது அங்கே வழக்கம். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். எந்தக் கட்சி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பூசாரி செங்கோடன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “அரசியலுக்குள்ள சாமிய இழுக்காதீங்க தாயி. அது பாட்டுக்குச் செவனேன்னு இருக்குது.”

“கட்சி பேரெல்லாம் சொல்லலீங்க. வெள்ள அவுரு நெனச்சது, செவப்பு நான் நெனச்சது. அவ்வளவுதானுங்க.”

செங்கோடன் அரைமனதோடு இலைகளை மடித்தார். பானுமதி வீடியோவில் புருஷனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு வயது மகள் சுஜிதா குனிந்து, கொஞ்சமும் யோசிக்காமல் ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளைப் பூ. முருகானந்தத்தின் முகம் சிரித்த வாயோடு திரையில் அப்படியே நின்றுவிட்டது. “பாத்தயா! பாத்தயா!” என்ற குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது.

பானுமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புருஷன் மேலிருந்த கோபமெல்லாம் சாமி மேல் போயிற்று. அந்தக் கோபத்தோடு வரும்போதுதான் வழியில் பொன்னம்மாளைப் பார்த்தாள். பொன்னம்மாள் அங்கன்வாடி டீச்சர். அந்த வாக்குச்சாவடியின் வாக்காளர் பட்டியல் வேலையும் அவள் தலையில்தான். ஆள் ஊரில் இல்லை என்று முருகானந்தம் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்ததும் அவள்தான்.

“மூஞ்சி ஏங் கண்ணு இப்பிடி இருக்குது?” என்று கேட்டவள் முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “அவருக்கே ஓட்டு வாங்கிக் குடுத்துரு. உன்ற உசுர எடுக்க மாட்டாரு. வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குன்னு தனியா ஒரு பாரம் இருக்குது, ஆறு ஏ. பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தாப் போதும். இந்த ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.” அதன் மற்ற விவரங்களையும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் பானுமதி புருஷனிடம் தேன் மாதிரி பேசினாள். “சாமி சொன்னாச் சொன்னதுதானுங்க மாமா. ஆனா வந்தது உங்க பூவுதானுங்க? அப்ப சாமி உங்களுக்குத்தான் சொல்லியிருக்குது. நீங்களே போட்டுருங்க.”

“எனக்கு ஏது ஓட்டு?”

“வாங்கலாமாமுங்க.” பொன்னம்மாள் அனுப்பிய இணைப்பை அவனுக்கு அனுப்பினாள். ஜெயித்த சந்தோஷத்தில் இருந்த முருகானந்தம் பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து ஏற்றி, படிவத்தை அவனே நிரப்பிவிட்டான். பொன்னம்மாள் சொன்ன விவரங்களில் ஒன்றே ஒன்றைப் பானுமதி அவனிடம் சொல்லவில்லை.

இருபது நாளில் பெயர் வந்துவிட்டது. “என்ற பேரு லிஸ்ட்ல வந்துருச்சு!” என்று சின்னப் பிள்ளை மாதிரி கூவினான். “எப்பிடிப் போடறது? போன்லயா, தபால்லயா?”

“பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு நேர்ல வரோணுமுங்க. நம்மூருப் பள்ளிக்கூடத்துக்கு.”

“என்னது! இது உனக்கு மொதல்லயே தெரியுமா?”

“நீங்க கேக்கலீங்களே.”

“ஒரு ஓட்டுக்குக் கடல் தாண்டி வரோணுமா? ஆருக்குப் பைத்தியம்?”

“கடலுக்கு அக்கட்ட இருந்துட்டே நாலு தடவ என்ற கையப் புடிச்சு அமுக்குனீங்களே, அதுக்கு மட்டும் தூரம் தெரியலீங்களா?”

அது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று பானுமதியே திடுக்கிட்டாள். ஒன்பது வருஷத்துப் பேச்சு மொத்தமும் அந்த ஒரே வாக்கியத்தில் வெளியே வந்துவிட்டது. முருகானந்தம் போனை வைத்துவிட்டான்.

பிறகு தேர்தல்வரை அவன் அவளோடு பேசவில்லை. மகளோடு மட்டும் பேசினான். “அப்பா ஊர்ல ஒரே மழையாமா. வண்டி சேத்துல நிக்குதாம். சும்மாதான் இருக்கறாராமா” என்று சுஜிதா வந்து சொல்வாள். சும்மா இருக்கிற மனுஷன் வந்தால்தான் என்ன என்று பானுமதிக்குத் தோன்றும். வம்பை விலைக்கு வாங்கிவிட்டோமே, உள்ளதும் போய்விடுமோ என்றும் தோன்றும். ஒரு சின்னத்துக்காகப் புருஷனைப் பகைத்துக்கொண்டவள் என்று ஊர் சொன்னால் என்ன பதில் சொல்வது? ஊஞ்சலுக்கே போட்டுவிட்டு, அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுகூட இரண்டு முறை போனை எடுத்தாள். இரண்டு முறையும் வைத்துவிட்டாள்.

தேர்தல் நாளன்று காலையில் போகவில்லை. மத்தியானமும் போகவில்லை. சித்திரை வெயில் மலையிலும் சுளீரென்று அடித்தது. நாலு மணிக்குப் பொன்னம்மாள் போன் செய்து, “பொழுதுக்கும் உனக்காக மிசின வெச்சுட்டு உக்காந்திருப்பாங்களா?” என்று அதட்டின பிறகுதான் சுஜிதாவைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

மகளைப் பொன்னம்மாளிடம் விட்டுவிட்டு, மறைப்புக்குள்ளே இயந்திரத்தின் முன்னால் நின்றாள். ஊஞ்சல் மூன்றாவதாக இருந்தது, கூடை ஐந்தாவதாக. செல்வத்தின் நினைப்பு வந்தது. சாமியின் நினைப்பும் வந்தது. ‘மன்னிச்சுக்க சாமி’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கூடையை அமுக்கினாள். இயந்திரம் நீளமாகக் கூவிற்று. வெளியே வரும்போது மனதில் அப்படி ஒரு சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் முதல்முறை தன் பெயரைத் தானே எழுதிய அன்றைக்குத்தான் அவள் அப்படிச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

பொன்னம்மாளோடு பேசிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தபோது ஐந்தரை மணி பஸ் வந்து நின்றது. தோளில் பையோடு, தாடியும் மீசையுமாக ஒருவன் இறங்கி, யாரையும் பார்க்காமல் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினான். “அப்பா!” என்று சுஜிதா கத்தின பிறகுதான் பானுமதிக்கே அது முருகானந்தம் என்று தெரிந்தது.

“மூடிட்டாங்களா?” என்றான் மூச்சு வாங்க. அவளிடம் இருபத்துச் சொச்சம் நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு.

“ஆறு மணி வரைக்கும் இருக்குதுங்க” என்றாள்.

உள்ளே இருந்த அலுவலருக்கு அவன் பெயர் கிடைக்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டி, “உங்க பேரே இல்லையே” என்றார். முருகானந்தத்தின் முகம் செத்துப்போயிற்று. வாசலில் நின்ற பொன்னம்மாள், “கடைசிப் பக்கம் பாருங்க சார், வெளிநாட்டு வாக்காளர்னு தனியாப் போட்டிருக்கும்!” என்று குரல் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அலுவலர் பாஸ்போர்ட்டையும் அவன் தாடியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “இதுக்காகவா வந்தீங்க?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றான்.

வீட்டுக்கு நடந்தார்கள். சுஜிதா முன்னால் ஓடினாள்.

“நீ ஆருக்குப் போட்ட?” என்று முருகானந்தம் கேட்டான்.

பானுமதி மறைக்கவில்லை. “கூடைக்குத்தானுங்க. நீங்க?”

“ஊஞ்சலுக்கு.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “அப்ப ரெண்டும் நேருக்கு நேர் போயிருச்சு. நீங்க வந்ததே தெண்டமுங்க.”

முருகானந்தம் சிரிக்கவில்லை. பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான். “மழைக்குக் கேம்புல சும்மா உக்காந்துட்டு, ரெண்டு அறிக்கையையும் சத்தமாப் படிச்சேன் பானு. பதினாலு பேரு சுத்தி உக்காந்து கேட்டாங்க. ஒருத்தனுக்கும் ஊர்ல ஓட்டில்ல. ‘உனக்காச்சும் பேரு வந்திருக்குது, நீ போயி எங்களுக்காகப் போடுண்ணா’ன்னு சொன்னாங்க. அவங்களுக்காகத்தான் ஊஞ்சலுக்குப் போட்டேன். செல்வத்துக்கு ஆன மாதிரி இன்னொருத்தனுக்கு ஆகக் கூடாது.”

“நல்லதுதானுங்க” என்றாள் பானுமதி. மனதாரத்தான் சொன்னாள்.

“கூடையில அந்த மெசின் வேல வரியப் படிக்கறப்பத்தான், நீ எதுக்கு அத்தன மல்லுக்கு நின்னேன்னு எனக்குப் புரிஞ்சுது. கார்த்திகையோட எனக்கு ஒப்பந்தம் முடியுது. திருப்பி எழுத மாட்டேன்னு குணசேகரன் அண்ணங்கிட்டச் சொல்லிட்டேன். எந்தக் கட்சி செயிச்சாலுஞ்செரி, நான் ஊருக்கு வாரேன்.”

பானுமதி ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “ஊருக்கே வர்றதுன்னு முடிவு பண்ணுனவரு, உங்களுக்குன்னு ஒரு ஓட்டுப் போட்டிருக்கலாமல்லங்க?” என்றாள்.

“எனக்குத்தான் நீ போட்டுட்டயே” என்றான் முருகானந்தம்.

பானுமதி நடுரோட்டில் நின்று, யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதாள்.