ரயில் பாதையில் நோன்புக் கஞ்சி

தாஜ் நிஷாவுக்குச் சைக்கிளில் நேராகப் போகத் தெரியும். திரும்பத் தெரியாது. நிறுத்துவதும் அரைகுறைதான். பிரேக்கைப் பிடிக்கப் பயந்து, இரண்டு கால்களையும் தரையில் தேய்த்தே நிற்பாள். போன கோடையில் அவளுக்குச் சைக்கிள் பழக்கிய பக்கத்து வீட்டு ராஜராணி, "உமக்கு இந்தப் பாதையே போதும் தாஜ். ரயிலும் உம்மை மாதிரித்தான், சட்டெண்டு திரும்பாது" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவர்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் தார் போட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டுவிட்டார்கள். நியூஜெர்சியில் இப்படிப் பல பாதைகள் உண்டு. சரக்கு ரயிலுக்காகப் போட்ட வழி என்பதால் ஏற்றம் இறக்கம் கிடையாது. வளைவுகள்கூட வளைவது தெரியாமல் வளையும். மகள் ரிதாவின் சைக்கிளில் தாஜ் நிஷா அந்தப் பாதையில் போவாள். முதல் ரோடு குறுக்கே வருகிற இடத்தில், கார்கள் உள்ளே நுழையாதபடி மஞ்சள் கம்பங்கள் நட்டிருப்பார்கள். அவற்றைக் கண்டதும் இறங்கிவிடுவாள். சைக்கிளைத் தூக்கித் திருப்பி வைத்து, அங்கே யாராவது நின்றால் சீட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஏறுவாள். யாரும் இல்லாவிட்டால் வீடுவரை உருட்டிக்கொண்டே வருவாள். அந்த ரோட்டை அவள் சைக்கிளில் கடந்ததே இல்லை.

பள்ளிவாசல் அந்த ரோட்டுக்கு அப்பால் இருந்தது.

ரமலானில் அங்கே தினமும் ஒரு குடும்பம் நோன்பு திறக்கச் சாப்பாடு கொடுக்கும். பிரியாணி வரும், ஹலீம் வரும், ஒருநாள் பாஸ்தாகூட வந்தது. பெண்கள் கூடிப் பேசி நாள் பிரிக்கும்போது தாஜ் நிஷா ஒவ்வொரு வருஷமும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துவிடுவாள். இந்த வருஷம் என்ன தோன்றியதோ, கையைத் தூக்கிவிட்டாள். எங்கள் ஊர் நாகப்பட்டினத்து நோன்புக் கஞ்சி தருகிறேன் என்றாள். ஹைதராபாத்துக்காரி பர்வீன் ஆன்ட்டி, "கஞ்சியா? அது காலையில குடிக்கிறதாச்சே" என்று உருதுவில் கேட்டாள். கேலிக்காகக் கேட்கவில்லை, நிஜமான சந்தேகம்தான். எல்லாரும் சிரித்தார்கள். தூக்கிய கையை இறக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள் தாஜ் நிஷா. இறக்கவில்லை. அவளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், கொத்துக்கறியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் புதினாவும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியில் கடைசியாகத் தேங்காய்ப்பால் ஊற்றி, தேக்சாப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்தாள். ரிதா பேரீச்சம்பழம் எடுத்து வைக்கிற வேலைக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து தோழியோடு நேரே பள்ளிவாசலுக்குப் போயிருந்தாள். கணவர் கமால் ஆபீஸிலிருந்து வந்து, காரில் கஞ்சியை எடுத்துப் போவதாக ஏற்பாடு. அவர் வரவில்லை. போன்தான் வந்தது.

"தாஜு, போலீஸ் உள்ள விட மாட்டேங்கிறாங்க. நம்ம என்ட்ரன்ஸ்ல லாரி ஒண்ணு கரண்ட் கம்பத்துல மோதிடுச்சு. ஒயரெல்லாம் ரோட்டுல கெடக்கு. ஒரு கார் உள்ள போக முடியாது, வெளிய வர முடியாது."

அந்தக் குடியிருப்புக்கு இருந்ததே ஒரே வாசல்.

"எப்பங்க விடுவாங்க?"

"ராத்திரி ஆயிடும்னு சொல்றான். நீ டென்ஷன் ஆகாத. நான் பள்ளிக்குப் போயி பீட்சா ஆர்டர் பண்ணிடுறேன். கஞ்சிய ஃப்ரீஸ் பண்ணிக்கலாம்."

"கஞ்சிய யாராவது ஃப்ரீஸ் பண்ணுவாங்களா?"

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

போனை வைத்துவிட்டுத் தேக்சாவின் மூடியைத் திறந்து பார்த்தாள். கஞ்சி தன்பாட்டுக்கு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் இன்னொரு முறை கையைத் தூக்கத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் ராஜராணி பின்கதவு வழியாகக் கிண்ணத்தோடு வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. பல் டாக்டரிடம் வேலை செய்கிறாள். நோன்பு கிடையாது, ஆனால் ரமலான் முழுக்கக் கஞ்சியில் ஒரு பங்கு அவளுக்கு உண்டு.

"என்னப்பா, முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?"

விஷயத்தைக் கேட்டவள் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். "கார் போகாட்டி என்ன? பின்னால பாதை கிடக்குதுதானே. என்ர பேரன்ர ட்ரெய்லர் கராஜுக்குள்ள நிக்குது. பெடியனை இருத்துற இடத்தில பானையை இருத்துவம்."

டொராண்டோவிலிருந்து பேரன் வரும்போது சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற இரண்டு சக்கரத் தொட்டில் அது. இருவருமாகத் தேக்சாவைப் போர்வையில் சுற்றி அதில் இறக்கினார்கள். குழந்தைக்குப் போடுகிற பெல்ட்டைத் தேக்சாவுக்குப் போட்டாள் ராஜராணி. "என்ர பேரன் இதைப் போட்டா ஊரைக் கூட்டுவான். பாரும், இது எவ்வளவு நல்ல பிள்ளையா இருக்குது."

"நீங்க கொண்டுபோய்க் குடுத்துடுங்கக்கா. ரிதா அங்கதான் இருக்கா. எனக்கு அந்த ரோடு..."

"நான் குடுத்தா அது என்ர கஞ்சி. பரவாயில்லையெண்டா சொல்லும், நானே பேரெடுக்கிறன்."

தாஜ் நிஷா உள்ளே போனாள். துப்பட்டாவை இறுகச் சுற்றி, அதன் மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அதுதானே," என்றாள் ராஜராணி.

முன்னால் ராஜராணியும் ட்ரெய்லரும், பின்னால் தாஜ் நிஷா. மார்ச் மாதக் காற்று முகத்தில் குளிர்ந்தது. இலையில்லாத மரங்களுக்கு இடையில் வீடுகளின் முதுகுகள் தெரிந்தன. நாயோடு நடந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டு, ட்ரெய்லருக்குள் குழந்தை இருக்கிறதா என்று சிரித்தபடி குனிந்து பார்த்து, தேக்சாவைக் கண்டு நிமிர்ந்தார்கள். தாஜ் நிஷா தேக்சாவின் மூடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மஞ்சள் கம்பங்கள் தூரத்தில் தெரிந்தபோது மூடி லேசாக நகர்ந்துவிட்டது. "அக்கா, நில்லுங்க" என்று கத்தி, காலைத் தேய்த்து நின்றாள். இருவரும் பாதையோரப் பெஞ்சுக்குப் பக்கத்தில் இறங்கி மூடியைச் சரிசெய்தார்கள்.

"கொஞ்சம் தண்ணி குடியும்," என்று பாட்டிலை நீட்டிய ராஜராணி உடனே கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ, மறந்துபோனன். அல்லா என்னை எழுதி வைப்பாரோ?"

"உங்கள எழுத அவருக்கு நோட்டு பத்தாதுக்கா. ஏறுங்க, நேரமாச்சு."

அவசரத்தில் புறப்பட்டார்கள். பாதையின் இடப்பக்கமாகப் புறப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இடப்பக்கம், நாகப்பட்டினத்திலும் இடப்பக்கம். எத்தனை வருஷம் அமெரிக்காவில் இருந்தாலும், மனம் வேறெங்கோ இருக்கும்போது உடம்பு தன் பழைய பக்கத்துக்குப் போய்விடுகிறது. ஒருத்தி தப்பாகப் போனால் மற்றவள் சொல்லியிருப்பாள். இருவருக்குமே அது சரியாகப் பட்டதால் யாரும் சொல்லவில்லை.

எதிரே மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒருவன் வேகமாக வந்தான். அவன் தன் வலப்பக்கம் வந்தான், ராஜராணி தன் இடப்பக்கம் போனாள், இரண்டும் ஒரே பக்கம். மணி அடித்தான். மணி கேட்டதும் ராஜராணி இன்னும் இடப்பக்கம் ஒதுங்கினாள். கடைசி நொடியில் அவன் புல்லில் இறங்கினான். ராஜராணி சைக்கிளோடு சாய்ந்தாள். பின்னால், பெஞ்சைப் பிடித்து ஏறி அப்போதுதான் நகர்ந்திருந்த தாஜ் நிஷா அதன் ஓரத்திலேயே முட்டி நின்றாள்.

ட்ரெய்லர் மட்டும் சாயவில்லை. சைக்கிள் படுத்தாலும் தொட்டில் நிற்கும்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மூடியோரம் கொஞ்சம் கஞ்சி வழிந்து, புதினா வாசனை அந்தப் பாதையெங்கும் பரவியது.

மஞ்சள் ஜாக்கெட்காரன் ஓடிவந்து, தன் மேல் தப்பில்லாதபோதும் ஸாரி ஸாரி என்றான். ராஜராணியைப் பெஞ்சில் உட்காரவைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டான்.

"ஆம்புலன்ஸ் வந்தா நான் எழும்பி ஓடிடுவன் எண்டு சொல்லும் இவருக்கு," என்றாள் ராஜராணி தமிழில். கணுக்கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. "கால் பிரண்டுபோச்சு, அவ்வளவுதான். முறியேல்லை. தாஜ், நீர் என்ர சைக்கிளை எடுத்துக்கொண்டு போம்."

"உங்கள விட்டுட்டு எப்படிக்கா போவேன்? கஞ்சி கெடக்குது."

"கஞ்சி கிடக்கப்படாது. அதுக்குத்தானே நான் விழுந்தது. இந்தப் பெடியன் என்னோட நிப்பான். கேட்டுப் பாரும்."

தாஜ் நிஷா தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் கேட்டாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கிறேன் என்றான் அவன். ட்ரெய்லரைக் காட்டி, என்ன அது, நல்ல வாசனையாக இருக்கிறதே என்றும் கேட்டான்.

தாஜ் நிஷா கமாலுக்குப் போன் போட்டுப் பார்த்தாள், அவர் எடுக்கவில்லை. "ரோடு இருக்கேக்கா."

"ரோடு எண்டா என்ன, கடலோ? கேளும். இடையில இறங்கினா பிறகு ஏற மாட்டீர், பிடிச்சுவிட ஆளில்லை. அதால நிக்காமப் போம். ட்ரெய்லர் பின்னால தள்ளும், நிப்பாட்டுறதெண்டா தூரத்திலயே பிரேக்கைப் பிடியும். பிரேக்கை. செருப்பை இல்லை. அதோட வலப்பக்கம் போம், நான் விழுந்தது போதும்."

மஞ்சள் ஜாக்கெட்காரன் முதலில் கம்பங்களிடம் ஓடிப்போய், ரோட்டைக் கடக்கிறவர்களுக்காக வைத்திருந்த பொத்தானை அமுக்கினான். விளக்குகள் மினுங்கத் தொடங்கின. திரும்ப ஓடிவந்து சீட்டைப் பிடித்துக்கொண்டு தள்ளிவிட்டான். பாரவண்டி போலக் கனத்தது சைக்கிள். இரண்டு முறை மிதித்தபின் நகர்ந்தது, பிறகு தானாகவே போகத் தொடங்கியது.

கம்பங்களுக்கு நடுவே அந்த ட்ரெய்லர் நுழையுமா என்பது அவளுக்குத் தெரியாது. பிஸ்மி சொல்லிக்கொண்டு நடுவாகவே போனாள். ஒரு பக்கம் லேசாக உரசியது. உள்ளே போய்விட்டது. அடுத்த கணம் அவள் ரோட்டில் இருந்தாள். இந்தப் பக்கம் ஒரு வேன், அதன் பின்னால் கார்கள். அந்தப் பக்கமும் கார்கள். எல்லாம் நின்றிருந்தன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. வேனை ஓட்டிய அம்மாள் ஒருத்தி, போ போ என்று கையைக் காட்டினாள். யாருக்கும் வழி மறிக்காமல், யாருடைய முறையையும் எடுத்துக்கொள்ளாமல் இத்தனை வருஷம் ஓரமாகவே நின்றவளுக்காக, அன்றைக்கு ஒரு ரோடே நின்றது. அவள் யாரையும் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத்துக் கம்பங்களை மட்டும் பார்த்தாள்.

அவற்றையும் தாண்டியபோதுதான் மூச்சு வந்தது. பின்னால் கார்கள் புறப்படுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் பார்த்திராத பாதை. ஒரு பள்ளிக்கூட மைதானம், ஒரு சிற்றோடை, "சூரியன் மறைந்தபின் பாதை மூடப்படும்" என்ற பலகை. சூரியன் மரங்களுக்குக் கீழே இறங்கியிருந்தது. "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே மிதித்தாள். பள்ளிவாசலின் பச்சைக் கூரை தெரிந்ததும், இவ்வளவு தூரத்திலேயே பிடிப்பதா என்று வெட்கமாக இருந்தாலும், பிரேக்கைப் பிடித்தாள். வேகம் குறைந்தது. ஆனால் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கும் சரிவு வலப்பக்கம் திரும்பியது. அவள் நேராகப் போனாள்.

"ரிதா," என்று கூப்பிட்டாள். "ரிதா, புடிடி."

வெளியே நின்ற ரிதா திரும்பிப் பார்த்தாள். "ம்மா? ஆர் யூ பைக்கிங்?" என்றவள் கையிலிருந்த டப்பாவைத் தோழியிடம் திணித்துவிட்டு, புல்வெளியில் ஓடி ஹேண்டில்பாரைப் பிடித்தாள். சரிவைத் தாண்டிக் கொஞ்சதூரம் போய் நின்றார்கள். பிறகு அம்மாவும் மகளுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

உள்ளே பீட்சா பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றின் முன்னால் நின்ற கமால், ஹெல்மெட்டோடு வந்த மனைவியைப் பார்த்து விழித்தார்.

"ரோட்ட எப்படிக் கடந்த?"

"ரோடு என்னங்க, கடலா? ராணிக்கா விழுந்துட்டாங்க. கார் சாவிய எடுங்க."

நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, தேக்சாவைத் திறந்தாள். கஞ்சி இறுகியிருந்தது. டீக்காக வைத்திருந்த வெந்நீரை ஊற்றிக் கலக்கி, அகப்பையை ரிதாவிடம் கொடுத்தாள். முதலில் இரண்டு காகிதக் கோப்பைகளில் தானே ஊற்றி மூடி எடுத்துக்கொண்டாள். யார் வாங்குகிறார்கள், யார் பீட்சா பக்கம் போகிறார்கள் என்று பார்க்க நிற்கவில்லை.

அந்த ரோட்டோரம் கமால் காரை நிறுத்தியபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பெஞ்சில் மஞ்சள் ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு ராஜராணி உட்கார்ந்திருந்தாள். அவன் குளிரில் கைகளைத் தேய்த்தபடி நின்றான். ஆளுக்கொரு கோப்பை கொடுத்தாள் தாஜ் நிஷா.

ராஜராணி ஒரு வாய் குடித்தாள். "களியாப் போச்சு."

"உங்களாலதான். நடுவுல விழுந்து நேரத்தக் கெடுத்தீங்க."

அவன் குடித்து முடித்து, கோப்பையின் அடியை எட்டிப் பார்த்தான்.

தாஜ் நிஷாவின் போன் அடித்தது. ரிதா. "ம்மா, லிட்டில் கிட்ஸ் எல்லாம் பீட்சா சாப்பிட்டாங்க. கஞ்சி கொஞ்சம் லெஃப்ட் ஓவர் இருக்கு. பர்வீன் ஆன்ட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமான்னு ஆஸ்க் பண்றாங்க. ஃபார் சஹர், விடியக்காலைல குடிக்கவாம்."

"குடு," என்றாள். பிறகு, "பெரிய டப்பாவுல குடு," என்றாள்.

காலை டாக்டரிடம் காட்டிவிட்டு வருவதற்குள் குடியிருப்பு வாசலைத் திறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு, கமாலும் அந்தப் பையனுமாக ராஜராணியைத் தாங்கிக் காரில் ஏற்றினார்கள். ரிதாவின் சைக்கிளை டிக்கியில் திணித்தார்கள். அப்போதுதான் ராஜராணிக்கு நினைவு வந்தது.

"என்ர சைக்கிளும் ட்ரெய்லரும் பள்ளிவாசலிலதானே நிக்குது? ஆர் கொண்டுவாறது?"

"நாளைக்கு நான் போயி ஓட்டிக்கிட்டு வரேன்."

"நீரோ? வீட்டுப் பக்கம் திருப்போணுமே."

"தூக்கித் திருப்பி வச்சுக்கிறேன்."

"ட்ரெய்லரோடயோ?" என்றாள் ராஜராணி. காலில் வலியோடு சிரித்தவள், பெஞ்சில் மறந்துவிட்ட தன் கோப்பையை எடுத்துத்தரச் சொன்னாள். அதில் இன்னும் கொஞ்சம் கஞ்சி இருந்தது.