மூடியில்லாத பெல்ட்

மல்லாட்டை உடைக்கும் மெஷினில் மாட்டி வளர்மதியின் வலது கையில் மூன்று விரல்கள் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. செஞ்சியில் அந்த நிலக்கடலை மில்லை வைத்திருக்கும் கோவிந்தராஜ், அவளுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று அவள் போட்ட வழக்கில் எழுதிக் கொடுத்திருந்தார். அவலூர்பேட்டைப் பக்கம் அவள் ஊரிலும் அதையேதான் பேசினார்கள்.

கடைசியில் கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்துக்கொள்ள இரண்டு பேரும் சம்மதித்தார்கள். நடுவில் இருந்து பேச்சை நடத்தியவள் ஸ்ரீநிதி என்ற வக்கீல். நஷ்டஈட்டுத் தொகை அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது.

"வேற எதனா இருக்குதாம்மா?" என்று கேட்டாள் ஸ்ரீநிதி.

"பணம் வேணாம்னு சொல்லல மேடம்," என்றாள் வளர்மதி. "ஆனா என் மேல தப்பு இல்லன்னு மொதலாளி மில்லுல வந்து சொல்லணும். கூட வேல செஞ்சவங்க எல்லாம் கேக்கணும்."

கோவிந்தராஜ் மேசையைப் பார்த்தபடியே, "சொல்றேன்," என்றார்.

திங்கட்கிழமை காலை மில்லில் இருபது பெண்கள் வேலையில் இருந்தார்கள். வளர்மதி வந்ததும் கோவிந்தராஜ் மெஷினை நிறுத்தச் சொன்னார். இரைச்சல் அடங்கியது.

"வளர்மதி மேல தப்பு இல்ல. பெல்ட்டுக்கு மூடி இல்லாததாலதான் கை மாட்டிக்கிச்சு."

பேச்சில் ஒப்புக்கொண்டது அவ்வளவுதான். வளர்மதி கிளம்பத் திரும்பினாள். ஆனால் அவர் நிறுத்தவில்லை.

"மூடி போடுங்கன்னு இந்தப் பொண்ணு என்னாண்ட ரெண்டு வாட்டி சொல்லிச்சு. சீசன் முடியட்டும்னு நான்தான் தள்ளிப் போட்டேன். அத்த மறைச்சு பொய்யா எழுதிக் குடுத்தேன்."

வளர்மதி திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் சொன்னது அவரைத் தவிர யார் காதிலும் விழுந்ததில்லை. சாட்சி இல்லையே என்று தன் வக்கீலிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை. யாரும் கேட்காமலே, தன்னிடம் கூலி வாங்குகிறவர்கள் முன்னால் அந்த மனிதர் வியர்த்துப்போய் நின்றார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எதற்காக எழுந்தோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

மூத்தவளான நாகம்மாள் வந்து வளர்மதியின் கையைப் பிடித்தாள். "இன்னாடி, எங்களாண்டகூட சொல்லலியே?"

"சொன்னா நம்பியிருப்பியாக்கா?"

நாகம்மாள் பிடித்த கையை விடவில்லை.

நஷ்டஈட்டு செக்கை வாங்கிக்கொண்டு வளர்மதி ஊர் பஸ்ஸில் ஏறினாள். கோபம் போய்விட்டதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். கொஞ்சம் இருந்தது. ஆனாலும் கண்டக்டர் வந்து எந்த ஊர் என்று கேட்டபோது, ஊர்ப் பேரைச் சொல்லி, வலது கையையே நீட்டி டிக்கெட் வாங்கினாள்.